முன்னாடி நாற்பத்தேழு

பொய் சொல்வதற்கும் ஒரு கைராசி வேண்டும். தையல்காரிக்கு அது சுத்தமாகக் கிடையாது. திரைச்சீலை தைத்துக் கொடுக்கத் தாமதமானால் மற்றவர்களைப்போல மெஷின் ரிப்பேர், கரண்ட் இல்லை என்று எதையாவது அள்ளிவிடக் கூடாதா? "மறந்துட்டேங்க" என்பாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். அப்பேர்ப்பட்டவள் அந்த வாரம் துணிந்து ஒரு பொய்யை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பொய் இதுதான். "மாடி வீட்டு நர்சம்மா வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருச்சு. ராத்திரி டியூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்குற மனுஷியாம். ஞாயித்துக்கிழமை நாம போடுற கூச்சல்ல கண்ணை மூட முடியலையாம். அதனால இனிமே நம்ம ஆட்டத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா காயைத் தூக்கி முதல் கட்டத்துல வச்சிரணும்."

நர்சம்மா வரவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிற பெண். அவ்வளவுதான் பழக்கம்.

ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள். நம்பாமல் என்ன? அந்த வீட்டுச் சத்தம் அப்படிப்பட்ட சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தையல்காரி வெட்டுமேஜையின் காலை மடக்கிச் சுவரில் சாய்ப்பாள். மெஷினுக்கு உறை போட்டு மூலைக்குத் தள்ளுவாள். அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். அவர் பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போவார். குண்டூசி ஒன்று மிச்சம் இருந்தாலும் யாராவது அதன்மேல் உட்கார்ந்து தொலைப்பார்கள். அதற்கப்புறம் கூடத்தின் நடுவில் விரிப்பு விரியும். கட்டில் விரிப்பு அளவுக்கு, துணியாலேயே தைத்த பாம்பு ஏணி. கோட்டுப் பித்தான்கள்தான் காய். பகடை மட்டும் கடையில் வாங்கினது.

ஆட்கள் வந்துவிடுவார்கள். பேக்கரிக்காரர், பெண்டாட்டி, வாய் ஓயாத சின்ன மகள் மூவரும் மிஞ்சின பன்னும் ரஸ்க்கும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவருவார்கள். பேக்கரிக்காரர் சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். தபால்காரம்மா வாரம் பூராவும் நடந்த காலை நீட்டிக்கொண்டு சுவரோரமாக உட்காருவாள். ஊர்க்கதை எல்லாம் அவளிடம் உண்டு. யார் வீட்டுக்கு என்ன கடிதம் வந்தது என்பதை மட்டும் தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

கடைசியாக வருவது மைக். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். பேர் என்னவோ, அவரைப் பெற்றவர்களுக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் மைக். வீட்டுக்குள் நுழையும்போதே, "பயணிகள் கவனத்திற்கு! பயணிகள் கவனத்திற்கு! தங்கச்சி வீட்டு டீ இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்!" என்று ஆரம்பித்தால், தெருவில் போகிறவன் ஒரு நிமிஷம் நின்று தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

இந்த ஆட்டத்துக்கு வித்து போட்டவரே அவர்தான்.

அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது. அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. மெக்கானிக் ஒரு லிப்ட் குழிக்குள் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். முதல் வாரம் வேலை செய்யும் இடத்திலிருந்து ஆட்கள் பழத்தோடு வந்தார்கள், 'அய்யோ பாவம்' என்றார்கள், போனார்கள். அப்புறம் கதவைத் தட்டினது பால்காரரும் திரைச்சீலை கேட்டு வந்தவர்களும்தான். தையல்காரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு தைப்பாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பேச ஒன்றும் இருக்காது. மெஷின் ஓடுகிறவரைக்கும் பரவாயில்லை, நின்றால் வீடு பயமுறுத்தும்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மனிதர் கக்கத்தில் ஒரு விளையாட்டு அட்டையை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். பஸ் நிலைய லிப்டை ரிப்பேர் பார்க்கப் போனபோது மெக்கானிக்கோடு நாலு வார்த்தை பேசினவர். அதற்கு மேல் உறவில்லை.

"உங்களைப் பாக்கத்தான் வந்திருக்கார் போல" என்று தையல்காரி உள்ளே குரல் கொடுத்தாள்.

"பாக்க வரலம்மா, ஆட வந்தேன்" என்றார் அவர். "பாக்குறதுக்கு இந்த மூஞ்சியில என்ன இருக்கு? நவுந்து படும் மாப்ளே, அட்டையை விரிக்கணும்."

தங்கச்சி, மாப்பிள்ளை என்று அன்றைக்கே உறவு பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற தன் பெண்டாட்டியைக் கூட்டிவந்தார். அதற்கடுத்து பேக்கரிக்காரரை. தபால்காரம்மா கடிதம் கொடுக்க வந்தவள்தான், "ஒரு கை குறையுது, உக்காருங்க" என்று பிடித்து உட்கார்த்திவிட்டார். மெக்கானிக் எழுந்து கழியோடு நடந்து, கழியில்லாமல் நடந்து, வேலைக்கும் போக ஆரம்பித்தார். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் தையல்காரி இன்றைக்கும், 'மருந்து குடுத்தது டாக்டர், எங்களை மனுஷங்களாக்கினது அந்த அண்ணன்' என்பாள்.

அட்டை மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோனதும் அவள் துணியில் தைக்க உட்கார்ந்தாள். மிச்சத் துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டித் தைத்தாள். பச்சைத் திரைத்துணியில் பாம்பு, சோபா உறைத் துணியில் ஏணி. எண்களை ஒவ்வொன்றாக வைத்துத் தைக்கும்போது தலை நிமிர நேரமில்லாததால், பக்கத்தில் உட்கார்ந்து மைக் பழைய அட்டையைப் பார்த்து எண்ணை வாசித்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. நடுவில் ஒருமுறை டீ வந்தது. குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமி, தொழில் பழக்கத்தில், "நாற்பத்தேழு... நாற்பத்தேழு" என்றார். அறிவிப்பு என்றால் ரெண்டு தடவை சொல்வதுதானே வழக்கம். அவளும் ரெண்டு கட்டத்தில் நாற்பத்தேழைத் தைத்துவிட்டாள். எல்லாம் முடிந்து விரித்துப் பார்த்தால் கடைசிக் கட்டத்தில் தொண்ணூற்றொன்பது நிற்கிறது.

"பிரிச்சுத் தச்சிரவா?" என்றாள் அழாத குறையாக.

"பிரிக்கவா? யார் வீட்டுலயும் இல்லாத நாப்பத்தேழு நம்ம வீட்டுல இருக்கு, இதைப் போய்ப் பிரிக்கிறதாவது!" என்றார் மைக்.

அன்றிலிருந்து அந்த வீட்டு ஆட்டத்தில் நூறு கிடையாது. முன்னாடி நாற்பத்தேழு, பின்னாடி நாற்பத்தேழு என்று இரண்டு உண்டு. முன்னாடியதில் ஒன்றும் இல்லை, வெறும் கட்டம். பின்னாடியதிலிருந்து ஒரு பெரிய ஏணி எண்பத்து மூன்று வரைக்கும் போகும். இந்த இடத்தில்தான் மெக்கானிக்கின் கை நமைக்கும். அழுகுணி ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. முன்னாடி நாற்பத்தேழில் நிற்கிற பித்தானை, யாரும் பார்க்காத சமயம் சுண்டுவிரலால் பின்னாடிக்குத் தள்ளிவிடுவார். மைக் விடுவாரா? மறுபக்கம் பார்த்து டீ குடித்துக்கொண்டே, "முன்னாடி நாற்பத்தேழு! முன்னாடி நாற்பத்தேழு!" என்று முழங்குவார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் திருதிருவென்று விழிக்க, கூடம் கொல்லென்று சிரிக்கும். வாரா வாரம் இதே கூத்து. வாரா வாரம் இதற்கே சிரிப்பார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. துருப்பிடித்த கதவைத் தரையோடு இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது. பஸ் நிலையத்தில் மைக்கை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, பயணிகள் விட்டுப்போன சாமான்களை வைக்கிற அறையில் அவரை உட்கார வைத்தார்கள்.

உடம்பு தேறி முதல் ஞாயிறு ஆட்டத்துக்கு வந்தார். வாசலில் நின்று, பழையபடி, "பயணிகள் கவனத்திற்கு" என்றார். கரகரவென்று வந்தது. பேக்கரிக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். பாவம், அந்த ஆளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மைக் எத்தனையோ பேரைப்போல நடித்துக் காட்டுகிறவர். முடிவெட்டும் கடைக்காரர், கட்டை வண்டி, வாத்து என்று எல்லாக் குரலும் வரும். இதுவும் ஏதோ மிமிக்ரி என்று நினைத்து, "அப்பிடியே தவளை! இன்னொரு தடவை!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். கூடம் முழுக்க அமைதியான பிறகுதான் அவருக்கு உறைத்தது. மைக் லேசாகச் சிரித்தார். டீயைக் குடித்தார். ஒரு ஆட்டம் ஆடினார். போனார். அப்புறம் வரவே இல்லை.

பேக்கரிக்காரர் அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மைக் முதுகில் தட்டிக் கொடுத்து, ரஸ்க்கை வாங்கிக்கொண்டு அனுப்பினார். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பேக்கரிக்காரரின் சிரிப்பும் பாதியாகிவிட்டது. ஆட்டம் என்று ஒன்று நடந்தது. பகடை உருண்டது. மெக்கானிக் முன்னாடி நாற்பத்தேழில் வந்து நிற்பார், பித்தானைத் தொடவே மாட்டார்.

"ஏங்க, தள்ளலியா?" என்று தையல்காரி ஒருநாள் கேட்டாள்.

"பிடிக்க ஆளில்லாம என்னத்தத் தள்ளுறது?" என்றார் அவர்.

அந்தப் பதில் அவளை என்னவோ செய்தது. மறுநாள் ஒரு சத்திரத்துக்கு ஜன்னல் திரை தைக்க வேண்டியிருந்தது. மடிப்பு மடிப்பாக ஊசி குத்திக்கொண்டே யோசித்தாள். சாயங்காலம் கண்ணாடிக் கடைக்கே போய் மைக்கின் பெண்டாட்டியைப் பார்த்தாள்.

"வீட்டுலயும் பேசுறதில்லையா அண்ணி?"

"எங்க பேசுறார்? உப்பு வேணும்னாக்கூட விரலைத் தேச்சுக் காட்டுறார். பேசப் பேசத்தான் தொண்டை பழகும், பேசாமலே விட்டா இருக்கிறதும் போயிரும்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிறார். இந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே? நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், சண்டை போட்டுப் பாத்துட்டேன். நேத்து என்ன பண்ணினார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடக் கூப்பிட, காது கேக்காத மாதிரி உள்ள போயிட்டார். வாய்தான் போச்சுன்னா காதையும் சேத்துப் பூட்டிட்டார்." அவள் ஒரு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

தையல்காரி வீடு திரும்புகிற வழியிலேயே பொய்யை அளவெடுத்துவிட்டாள்.

"பேச வைக்கணும்னு டாக்டர் சொல்றார், நீ யாரும் பேசவே கூடாதுங்கிற. இது எந்த ஊர் நியாயம்?" என்றார் மெக்கானிக்.

"முதல்ல ஆள் வரட்டும். குரல் பின்னால வரட்டும். எல்லாரும் ஊமையா உக்காந்திருந்தா அவருக்கு என்ன கூச்சம்?"

"மச்சான் கெட்டிக்காரன். உன் மூஞ்சியைப் பாத்தா கண்டுபிடிச்சிருவான்."

"அதுக்குத்தான் இருட்டுற நேரமாப் பாத்துப் போறேன்."

போனாள். மைக் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். கழுத்தில் துண்டு. உள்ளே வா என்று கையால் காட்டினார். அவள் உட்காரக்கூட இல்லை.

"உங்களைப் பாக்க வரலண்ணே, ஆடக் கூப்பிட வந்தேன்" என்றாள். அவர் புருவம் லேசாக ஏறியது. ஞாபகம் வந்துவிட்டது போல. அவள் நர்சம்மா கதையைச் சொன்னாள். தட்டுத் தடுமாறாமல் கடைசிவரை சொல்லிவிட்டாள். "ஆட்டம் நின்னுபோயிருமோன்னு பயமா இருக்குண்ணே. வாயைப் பொத்திக்கிட்டு ஆடுறதுன்னா இதுங்களால முடியுமா? யாராவது ஒருத்தர் ஒழுங்கா இருந்து வழி காட்டணும்." ஆட்டம் நின்றுபோகும் என்கிற பயம் மட்டும் பொய்யில் சேராது, அவர் வந்தாலே போதும் என்றுதான் இருந்தது அவளுக்கு.

மைக் துண்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். கடைசியில் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. பகடை தரையில் உருண்டு சத்தம் போடக் கூடாதென்று தையல்காரி அதற்குப் பஞ்சு வைத்து ஒரு குட்டி மெத்தை தைத்திருந்தாள். பொய்யென்றாலும் செய்நேர்த்தி வேண்டுமே! பேக்கரிக்காரர் மழையில் நனைந்த டப்பாவோடு வந்தார். அவர் மகள் வாயைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தது. அவிழ்த்தால் பேசிவிடுமாம். தபால்காரம்மா சைகையிலேயே வணக்கம் வைத்தாள்.

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். ஒருவரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

குடை மடங்கும் சத்தம் கேட்டது. மைக் வந்தார். பின்னாலேயே அவர் பெண்டாட்டி. எப்போதும் உட்காருகிற இடத்தில், மெஷினுக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கோட்டுப் பித்தான் அவருடையது. இத்தனை நாளாக யாரும் அதைத் தொட்டதில்லை. பித்தான் டப்பாவில் அது மேலாகவே கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டு முதல் கட்டத்தில் வைத்தார். தையல்காரி சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு நடந்த மாதிரி ஒரு ஆட்டம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கப்போவதில்லை. பாம்பு கடித்து இறங்கின தபால்காரம்மா சத்தமே வராமல் மாரில் அடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரருக்கு ஆறு விழுந்தது, துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கி வாயை ஆவென்று பிளந்தார், காற்றுகூட வரவில்லை. டீ வேண்டுமா என்று தையல்காரி கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் கேட்டதை, 'விரல் சூப்பச் சொல்றா' என்று மெக்கானிக் சைகையில் மொழிபெயர்த்தார். பேக்கரிக்காரர் மகளுக்குச் சிரிப்பு கைக்குட்டை வழியாகப் புஸ் புஸ் என்று வந்தது. மைக்கின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! அவர் பெண்டாட்டி காய் நகர்த்துவதை மறந்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சைகை ஆட்டத்தில் எல்லாரையும்விட அவர்தான் கெட்டிக்காரர். இத்தனை மாதப் பழக்கம் ஆயிற்றே. தொண்ணூற்றாறு வரைக்கும் வந்துவிட்டார். இன்னும் மூன்று விழுந்தால் ஜெயிப்பு. அதற்கு அப்புறம் மெக்கானிக் பகடை போட்டார், எண்ணிக்கொண்டே போய் பித்தானை முன்னாடி நாற்பத்தேழில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம்.

தையல்காரி திறந்தாள்.  மாடி வீட்டு நர்சம்மா நின்றிருந்தாள். தூங்கியும் தூங்காத கண், அவிழ்ந்த தலை, கையில் ஒரு முதலுதவிப் பை.

"அக்கா, வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இ... இல்லையே. ஏம்மா?"

"சத்தமே இல்லையேக்கா! புரண்டு புரண்டு படுத்துப் பாத்தேன். ஞாயித்துக்கிழமையாச்சே, கீழ ஒரு கூச்சலும் காணோம், படியில நின்னு எட்டிப் பாத்தா ஆளுங்க செருப்பு மட்டும் வாசல்ல வரிசையாக் கெடக்கு. யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துபோய் ஓடி வந்தேன்."

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை.  நர்சம்மா எட்டிப் பார்த்து, எல்லாரும் முழுசாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு பெருமூச்சு விட்டாள். வந்த வேகத்தில் மனசில் இருந்ததெல்லாம் வெளியே கொட்டியது.

"தப்பா நினைக்காதீங்க. ராத்திரி முழுக்க வார்டுல முனகலும் அழுகையும்தான் கேக்கும். வீட்டுக்கு வந்தா தனியா இருக்கேன், அதே காதுலயே நிக்கும், தூக்கமே பிடிக்காது. ஞாயித்துக்கிழமை மட்டும் கீழ நீங்க எல்லாரும் சிரிக்கிறது கேட்டா, நம்மளைச் சுத்தி மனுஷங்க இருக்காங்கன்னு நிம்மதியாத் தூங்கிருவேன். ஒரு நாள்கூட வந்து சொல்லல, சொல்லியிருக்கணும். ஆமா, ஒருத்தர் கணீர்னு அறிவிப்பாரே, முன்னாடி நாப்பத்தேழுன்னு? எனக்கு அது என்னன்னே தெரியாது, ஆனா அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடுவேன். கொஞ்ச மாசமா அவரைக் காணோமே? ஊருக்குப் போயிட்டாரா?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. பேக்கரிக்காரர் தையல்காரியைப் பார்த்தார். 'தூக்கம் கெடுதுன்னு சத்தம் போட்டது இந்தம்மாதானே' என்று கேட்டது அந்தப் பார்வை. தபால்காரம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டாள். மைக் மெல்ல நிமிர்ந்தார். தையல்காரியைப் பார்த்தார். பஞ்சு மெத்தையைப் பார்த்தார். வாயில் கைக்குட்டை கட்டியிருந்த பிள்ளையைப் பார்த்தார். தனக்காக ஒரு வீடே ஊமையாகி உட்கார்ந்திருந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. எழுந்திருக்கப் போகிறவர்போல ஒரு கையைத் தரையில் ஊன்றினார்.

'போனா இனி வரவே மாட்டார். பாவி, நானே கெடுத்துட்டேனே' என்று தையல்காரிக்கு உள்ளுக்குள் கதறியது. "அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தாள்.

ஊன்றின கை ஊன்றினபடியே நின்றது. மைக்கின் கண் விரிப்பில் ஓரிடத்தில் நிலைத்துவிட்டது. எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒரு சுண்டுவிரல், முன்னாடி நாற்பத்தேழிலிருந்த பித்தானைப் பின்னாடிக்குத் தள்ளிவிட்டு, ஏணியில் ஏற்றத் தயாராக அதன் மேலேயே இருந்தது. மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி..."

தகரத்தைத் தரையில் தேய்த்தது போல ஒரு சத்தம். மைக் தொண்டையைச் செருமினார். கழுத்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"முன்னாடி நாப்பத்தேழு" என்றார். சொல்லிவிட்டு, தொழில் வழக்கப்படி, இன்னொரு தடவையும் சொன்னார். "முன்னாடி நாப்பத்தேழு!"

 பேக்கரிக்காரர் தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கடித்தார். சிரித்துவிடுவோமோ, அழுதுவிடுவோமோ என்று அவருக்கே தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. மைக் அவர் பக்கம் திரும்பினார்.

"சிரிச்சுத் தொலைடா" என்றார். "எத்தனை மாசமா அடக்கி வச்சிருக்க? வெடிச்சிரப் போற."

வெடித்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளை கைக்குட்டையைப் பிய்த்தெறிந்து, "மாமா அழுகுணி! மாமா அழுகுணி!" என்று குதித்தது. மைக்கின் பெண்டாட்டி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாய்விட்டு அழுதாள். தபால்காரம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மெக்கானிக் மட்டும் பிடிபட்ட வெட்கம் கொஞ்சமும் இல்லாமல் எழுந்து நின்றார். "பேசிட்டான்! பேசிட்டான்! எல்லாரும் கேட்டீங்கல்ல? சட்டம்னா சட்டம். மச்சான், காயைத் தூக்கி முதல் கட்டத்துல வை!"

"அது நர்சம்மாவுக்காகப் போட்ட சட்டம்தானே, நர்சம்மாதான்..." என்று தபால்காரம்மா ஆரம்பித்தாள்.

மைக் கையைக் காட்டி நிறுத்தினார். தொண்ணூற்றாறில் நின்ற கறுப்புப் பித்தானை எடுத்தார். அத்தனை பாம்பையும் அத்தனை ஏணியையும் தாண்டிக் கொண்டுவந்து, சந்தோஷமாக முதல் கட்டத்தில் வைத்தார்.

"வச்சாச்சு மாப்ளே. நீர் பித்தானை முன்னாடிக்குக் கொண்டாரும்" என்றார். பிறகு தையல்காரியைப் பார்த்து, "தங்கச்சி, உனக்குப் பொய் சொல்ல வரல. உன் மூஞ்சியைப் பாத்து அன்னைக்கே என்னமோ இருக்குன்னு நினைச்சேன். ஆனா நீ 'ஆடக் கூப்பிட வந்தேன்'னியே, அது உண்மைன்னு தெரிஞ்சுது. அதுக்குத்தான் வந்தேன்" என்றார். இவ்வளவு பேசினதில் மூச்சு வாங்கியது. தையல்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

நர்சம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இவருதானா அது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. குரல்தான் கொஞ்சம் மாறியிருக்கு."

அவள் அவர் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். தொழிலாச்சே, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "கேக்குது சார். தெளிவாக் கேக்குது" என்றாள். "உக்காந்து ஆடும்மா" என்று எல்லாரும் சொன்னதற்கு, "இன்னொரு வாரம் கண்டிப்பா வரேன், இப்பத் தூங்கணும். கதவை மட்டும் சாத்தாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் படியேறினாள். பேக்கரிக்காரர் ஓடிப்போய் அவள் கையில் ரஸ்க் பொட்டலத்தைத் திணித்துவிட்டு வந்தார்.

தையல்காரி டீ போட உள்ளே போனாள். புருஷன் பின்னாலேயே கோப்பை எடுக்க வந்தார்.

"வேணும்னேதானே தள்ளினீங்க?"

"நான் எங்க தள்ளினேன்? கை தானாப் போகுது" என்றார் அவர், முகத்தைக் காட்டாமல்.

அவள் அந்தக் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். டீ பொங்கி வழிந்தது.

மழை விட்டிருந்தது. கூடத்தில் பகடையை மெத்தையிலிருந்து எடுத்துத் தரையிலேயே உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "பயணிகள் கவனத்திற்கு! பயணிகள் கவனத்திற்கு!" என்று கரகரவென்று ஒரு குரல் எழுந்தது. மேலே செருப்புச் சத்தம் நடந்து போயிற்று, கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது, அப்புறம் மாடியில் சத்தமே இல்லை. நர்சம்மா தூங்கிவிட்டாள்.